இடுப்பெலும்பு மஜ்ஜையைக் காக்கும் கதிர்வீச்சு: எல்லை மலைப் பெண்களுக்கு எட்டுமா?

புது தில்லி: கருப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டியை அழிக்கும் கதிர்வீச்சு, நோயாளியின் இடுப்பெலும்புக்குள் ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் மஜ்ஜையையும் சேர்த்தே தாக்குகிறது. மஜ்ஜையை இயன்றவரை விலக்கிவிட்டுக் கதிர்வீச்சைச் செலுத்தும் முறை பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு, பலன்களும் வெளிவந்துள்ளன. அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பியிருக்கும் ஏழைப் பெண்களிடம் அது போய்ச் சேருமா என்பதே இப்போது எழும் கேள்வி.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,27,526 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 79,906 பேர் உயிரிழந்தனர். நோய் முற்றி, அறுவைச் சிகிச்சைக்கான கட்டத்தைக் கடந்த பிறகு மருத்துவமனைக்கு வருவோரே அதிகம். அவர்களுக்குக் கதிர்வீச்சுதான் பிரதான சிகிச்சை.

இச்சிகிச்சையில் திருப்புமுனை 1999-இல் ஏற்பட்டது. கதிர்வீச்சுடன் 'சிஸ்பிளாட்டின்' என்ற மருந்தையும் செலுத்தினால் உயிர் பிழைப்போர் எண்ணிக்கை கூடுகிறது என்று அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனம் அந்த ஆண்டு அறிவித்தது. மேலை நாட்டுப் பெண்களிடம் கிடைத்த பலன், ரத்தசோகையும் முற்றிய நோயும் கொண்ட இந்தியப் பெண்களுக்கும் கிடைக்குமா என்ற ஐயம் இங்கு நீண்ட காலம் நிலவியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2003 முதல் 2011 வரை 850 பெண்களைச் சேர்த்து நடத்திய ஆய்வு அதற்கு விடை அளித்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதத்தினரும், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 சதவீதத்தினரும் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். நூற்றுக்கு எட்டு உயிர்கள் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல.

மஜ்ஜையின் பங்கு: அந்த எட்டுப் பேரின் உயிர் மருந்துத் தவணைகள் தவறாமல் செல்வதைப் பொருத்தது. இங்குதான் மஜ்ஜை குறுக்கிடுகிறது. வயது வந்தோர் உடலில் ரத்தம் உற்பத்தி செய்யும் மஜ்ஜையில் ஏறத்தாழ 40 சதவீதம் இடுப்பெலும்பு, திரிகம், தொடையெலும்பின் மேற்பகுதி, கீழ் முதுகெலும்பு ஆகியவற்றில் உள்ளது. கருப்பை வாய்க்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் ஐந்து வாரங்களில் 45 முதல் 50 'கிரே' வரை கதிர்வீச்சு செலுத்தும்போது, வழியில் இருக்கும் மஜ்ஜை தப்புவதில்லை. புற்றுநோய் அணுக்களை அழிக்கப் போதாத 10 'கிரே' அளவே மஜ்ஜையைச் சோர்வடையச் செய்துவிடும். சிஸ்பிளாட்டினும் ரத்த அணுக்களைக் குறைக்கும் மருந்துதான். இரண்டும் சேரும்போது வெள்ளணுக்கள் சரிகின்றன. மருத்துவர் மருந்தை நிறுத்துகிறார். சில நேரங்களில் கதிர்வீச்சையும் ஒத்திவைக்கிறார். உள்கதிர்வீச்சு உள்பட மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பைக் குறைக்கிறது.

'ஐ.எம்.ஆர்.டி.' எனப்படும் நவீன முறையில், கதிர்வீச்சின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிச் செலுத்தலாம். சி.டி. ஸ்கேன் படத்தில் கட்டியைக் குறிப்பதுபோல் இடுப்பெலும்பையும் கோடிட்டுக் காட்டி, "இங்கு இந்த அளவுக்கு மேல் கூடாது" என்று கணினிக்குக் கட்டளையிட வேண்டும். அவ்வளவுதான். அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரன் மெல் தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகள் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 83 பெண்கள் பங்கேற்றனர். மஜ்ஜை சுறுசுறுப்பாக இயங்கும் பகுதிகளை 'பெட்' ஸ்கேன் மூலம் கண்டறிந்து விலக்கியபோது, வெள்ளணுக்கள் கடுமையாகக் குறைந்தோர் 8.6 சதவீதம். அவ்வாறு விலக்காமல் ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களில் 27.1 சதவீதம்.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் ஐ.எம்.ஆர்.டி. முறையை 44 பெண்களிடம் பழைய முறையுடன் ஒப்பிட்டு, 2013-இல் முடிவை வெளியிட்டது. குடல் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது என்பதே அதன் முக்கியச் செய்தி. மஜ்ஜையைக் குறிவைத்த ஆய்வு அல்ல அது. ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: மஜ்ஜையைக் காத்தால் ரத்த அணுக்கள் குறைவது தடுக்கப்படும் என்பதற்குச் சான்று உண்டு, அதனால் ஆயுள் நீள்கிறது என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை.

ஆயினும், மஜ்ஜையின் மீதான சுமை கூடிக்கொண்டே போகிறது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் 500 பெண்களிடம் நடத்தப்பட்ட 'இன்டர்லேஸ்' ஆய்வு 2024-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சைக்கு முன் ஆறு வாரங்கள் வேறு இரு மருந்துகளையும் கொடுத்தால், ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 72 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்கிறது. கடும் பக்க விளைவுகளும் 48-லிருந்து 59 சதவீதமாகின்றன. இதனைத் தாங்கும் மஜ்ஜை யாரிடம் இருக்கிறது?

எல்லையில் நிலைமை: தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து மலையேறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்தின் வாசலாக நிற்கிறது கம்பம்மெட்டு. விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறும் கம்பம் பள்ளத்தாக்குப் பெண்கள், இந்தச் சோதனைச் சாவடியைக் கடந்து நெடுங்கண்டம், வண்டன்மேடு பகுதிகளின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழகத்தில் 53.4 சதவீதம், கேரளத்தில் 36.3 சதவீதம். அதாவது, சோதனைச் சாவடிக்குக் கீழே வசிக்கும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர், ஒரு துளி கதிர்வீச்சு படும் முன்பே ரத்தக் குறைவுடன் இருக்க வாய்ப்புண்டு.

அரசுத் துறையில் கதிர்வீச்சு பெற, கம்பத்துப் பெண் மதுரைக்கும், இடுக்கியில் குடியிருக்கும் தமிழ்ப் பெண் கோட்டயத்துக்கும் செல்வது வழக்கம். இரண்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல். ஐந்து வாரங்களில் 25 நாள்கள் கதிர்வீச்சு என்றால், தினமும் போய்வர முடியாது; அங்கேயே தங்க வேண்டும். புற்றுநோயாளிகளுக்கு ரயில்வே தாராளமாகவே கட்டணச் சலுகை அளிக்கிறது. கம்பத்துக்குத்தான் ரயில் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர்கேம்ப் வரை பாதை வேண்டும் என்ற கோரிக்கையின் வயது இப்பகுதி மக்களுக்குத் தெரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னையிலும், 2020 ஊரடங்கிலும் எல்லைப் பாதைகள் அடைபட்டன. சிகிச்சையின் நடுவில் அடைபடும் ஒரு வாரம் என்ன செய்யும் என்பதை மேலே சொன்ன எட்டு வாரக் கணக்கிலிருந்து ஊகிக்கலாம்.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், ஒரு மாநிலத்துப் பயனாளி வேறு மாநிலத்தில் சிகிச்சை பெற வழி உண்டு. ஆனால், ஐந்து வாரக் கூலி இழப்பையும், உடன் தங்கும் மகளின் சாப்பாட்டுச் செலவையும் எந்தக் காப்பீட்டு அட்டையும் ஈடுசெய்வதில்லை.

கருவியும் ஒரு தடை. ஐ.எம்.ஆர்.டி. முறைக்குப் பொதுவாக 'லீனியர் ஆக்சிலரேட்டர்' தேவை. பழைய கோபால்ட் கருவியில் கதிர்வீச்சை எலும்பு விட்டு எலும்பு விலக்கி வளைக்க இயலாது. நவீன கருவி உள்ள அரசு மருத்துவமனைகளிலோ தடை வேறு: காத்திருப்போர் வரிசை. இடுப்பெலும்பைக் கோடிடவும், திட்டத்தைச் சரிபார்க்கவும் கூடுதல் நேரமாகும். 'பெட்' ஸ்கேன் இல்லாமல் சாதாரண சி.டி. படத்தைக் கொண்டே எலும்பைக் கோடிடலாம் என்பதால், புதிய கருவியை விட இயற்பியல் வல்லுநர் பணியிடங்களை நிரப்புவதே இங்கு முதல் தேவை எனத் தோன்றுகிறது.

தேனியை ஒட்டிய திண்டுக்கல் மாவட்டம் இந்நோயின் வரலாற்றில் உலகம் அறிந்த பெயர். அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக மருத்துவ மையத்தின் துணையுடன் கிராமப் பெண்களிடம் நடத்தப்பட்ட எளிய வினிகர் பரிசோதனை, இந்நோயால் ஏற்படும் மரணங்களை 35 சதவீதம் குறைத்ததாக 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. ஆயினும், 2019-21 குடும்பநல ஆய்வின்போது, என்றேனும் ஒருமுறை இந்நோய்க்கான பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் நாட்டில் 1.9 சதவீதம் மட்டுமே.

2025-26 மத்திய பட்ஜெட்டில், மூன்றாண்டுகளுக்குள் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய் பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இவை மருந்து செலுத்தும் மையங்களே தவிர, கதிர்வீச்சு மையங்கள் அல்ல. ஆனாலும், மதுரைக்குப் புறப்படும் முன்பே ரத்தசோகையைச் சரிசெய்வதும், வார இறுதியில் ஊர் திரும்பும் பெண்ணின் ரத்த அணுக்களை எண்ணி, முடிவைக் கதிர்வீச்சு மருத்துவருக்கு அனுப்புவதும் இம்மையங்களால் முடியும். இவற்றை மையங்களின் பணிப் பட்டியலில் சேர்க்க மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.