மன்னாருக்குப் படம் பிடிக்கப் போகிறீர்களா?

பிள்ளைகளோடு மன்னார் செல்வதாயின் மழை தணிந்த ஜனவரி, பெப்ரவரியே உகந்தது. ஓரிரவு தங்கி, ஸுபஹு தொழுதவுடன் புறப்படுங்கள். படத்துக்கு அதிகாலை வெளிச்சமே நல்லது. தீவுக்குச் செல்லும் தாம்போதியை அண்டிய வங்காலைச் சரணாலயம், 2010 இல் ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனமானது. பூநாரைகள் இறங்குவது அங்கேதான். எல்லா நாளும் தென்படா, பொறுமை வேண்டும்.

கிட்டப்படம் எடுக்கவென்று சேற்றில் இறங்கி விரட்டாதீர்கள். தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்து இரை தேடும் பறவை அது. கலைத்துவிட்டால் அதன் தீன் கெடும். பெரிய லென்ஸ் இல்லையா? கூட்டத்தையும் நீர்ப்பரப்பையும் சேர்த்தே எடுங்கள்.

வாகனத்தில் உம்மம்மாவுக்கும் ஓரிடம் வையுங்கள். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டவராயின், அவர் காட்டும் வளவையும் படம் பிடியுங்கள்.