வலி சொல்லும் செய்தி

அடுப்பில் சூடான பாத்திரம் இருக்கிறது. தெரியாமல் கை பட்டுவிடுகிறது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறோம். இது எப்படி நடக்கிறது?

நம் உடல் முழுவதும் நரம்புகள் ஓடுகின்றன. நரம்பு என்பது மெல்லிய இழைகள் சேர்ந்த கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பு செல்லின் நீண்ட பகுதி. முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து கால் வரை போகும் இழை சுமார் 1 மீட்டர் நீளம் இருக்கும்.

சூடு பட்டதும் இழையின் நுனியில் ஒரு மின் துடிப்பு உண்டாகிறது. இழையின் உள்ளேயும் வெளியேயும் உப்புச் சத்துகள் உள்ளன. அவை உள்ளே போய் வெளியே வருவதால் இந்தத் துடிப்பு பிறக்கிறது. அது இழை நெடுகப் பரவுகிறது.

ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அங்கே ஒரு ரசாயனப் பொருள் சுரக்கிறது. அது அடுத்த செல்லைத் தூண்டுகிறது. இப்படிச் செய்தி கைமாறிப் போகிறது.

செய்தி முதுகுத் தண்டுவடத்தை அடைகிறது. 'கையை இழு' என்ற கட்டளை அங்கிருந்தே திரும்புகிறது. செய்தி மூளைக்கும் போகிறது. அப்போதுதான் வலி தெரிகிறது. அதற்குள் கை விலகிவிடும்.

வலி துன்பம் தருகிறது. ஆனால் அதுவே நமக்குக் காவல். வலி தெரியாமல் போனால் என்ன ஆகும்?

தொழுநோயில் அதுதான் நடக்கிறது. இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டறிந்தார். இக்கிருமி தோலையும் நரம்புகளையும் தாக்குகிறது. நரம்பு கெட்டால் செய்தி போகாது. சுட்டாலும் தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. கவனிக்காத காயம் பெரிய புண்ணாகிறது. விரல்கள் கெடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். இது சாபமோ பாவமோ அல்ல.

தோலில் வெளுத்த தேமலோ சிவந்த தேமலோ இருக்கிறதா? அங்கே தொட்டால் உணர்ச்சி இல்லையா? உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கும். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ விடாமல் சாப்பிட வேண்டும். நோய் குணமாகும். ஆனால் முழுவதும் கெட்ட நரம்பு சரியாவது அரிது. ஆகவே தள்ளிப்போடக் கூடாது.

உணர்ச்சி போனவர்கள் தினமும் கை கால்களைப் பார்க்க வேண்டும். செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. நரம்பு சொல்லாததைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.