ப்ராக்கிடம் தோற்ற காலம்

போக்கிமான் விளையாட்டுத் தொடரின் மஞ்சள் பதிப்பு 1998-ல் ஜப்பானில் வெளிவந்தது. அதில் ஆடுபவருக்குத் துணை பிக்காச்சூ. மின்சாரம் பாய்ச்சும் அந்த மஞ்சள் எலியோடு விரிடியன் காட்டைத் தாண்டி பியூட்டர் நகரத்துக்குள் நுழைந்தால் முதல் ஜிம், அதாவது சண்டைக் களம், வரும். அங்கே இருப்பவன் ப்ராக். அவன் வைத்திருப்பவை ஜியோடூட், ஆனிக்ஸ் என்ற இரண்டு போக்கிமான்கள். இரண்டுக்கும் கல்லும் மண்ணும் கலந்த உடம்பு. மண்ணில் மின்சாரம் ஏறாது. பிக்காச்சூ எத்தனை மின்னலை இறக்கினாலும் அவற்றுக்கு ஒரு கீறல்கூட விழாது. நான் வளர்ந்த சென்னைத் திருவல்லிக்கேணியில் அந்த விளையாட்டை ஆடிய பையன்களில் ப்ராக்கிடம் தோற்காதவனை நான் பார்த்ததில்லை.

தாண்டி வந்த காட்டிலேயே அதற்கு ஒரு விடை இருந்தது. கேட்டர்பீ என்ற பச்சைப் புழு. ஆனிக்ஸ் போன்ற மலைப்பாம்புக்கு எதிரே அதைக் கொண்டுபோய் நிறுத்த யாருக்கும் தோன்றாது. ஆனால் பிடித்து வளர்த்தால் 7-ஆம் லெவலில் கூட்டுப்புழு, 10-ல் பட்டர்ஃப்ரீ என்ற வண்ணத்துப்பூச்சி. மஞ்சள் பதிப்பில் அந்த 10-ஆம் லெவலிலேயே அதற்கு மனவலிமையால் தாக்கும் 'கன்ஃப்யூஷன்' என்ற அடி கிடைத்துவிடும். ஆனிக்ஸுக்கு உடம்பெல்லாம் பாறைதான், இந்த மாதிரி அடியை மட்டும் தாங்காது. தோற்றுத் திரும்பி, காட்டுக்குள் மறுபடி அலைந்து, புழுவை வளர்த்துக்கொண்டு வந்து ஜெயிக்க வேண்டும். வேறு வழிகளும் உண்டு. எல்லாமே தோல்விக்குப் பிறகு தேடிக் கண்டுபிடித்தவை.

2018 நவம்பர் 16 அன்று 'லெட்ஸ் கோ பிக்காச்சூ', 'லெட்ஸ் கோ ஈவீ' என்று இரண்டு பதிப்புகள் வந்தன. அதே மஞ்சள் பதிப்புதான், புதிதாக வருபவர்களுக்காக எளிமையாக்கியது. இதில் பியூட்டர் ஜிம்மின் வாசலில் ஒருவர் நிற்கிறார். புல் வகையிலோ நீர் வகையிலோ ஒரு போக்கிமானைக் காட்டினால்தான் உள்ளே விடுவார். அந்த வகை வழியிலேயே மேய்ந்துகொண்டிருக்கும், பிடித்துக்கொண்டு போனால் போதும். அந்த ஜிம்மில் இப்போது தோற்பதற்குத் தனி முயற்சி வேண்டும்.

எங்கள் பேட்டைக்கு போக்கிமான் வந்தது விளையாட்டாக இல்லை, கார்ட்டூனாக. 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பானது. பள்ளி விட்டு ஓடி வந்து பார்த்தோம். சீட்டோஸ் பாக்கெட்டுக்குள் போக்கிமான் படம் போட்ட டாசோ வட்டுகள் வந்தன. பெட்டிக்கடை வாசலில் பாக்கெட்டைத் தடவித் தடவிப் பார்த்து வாங்குவோம். விளையாட்டு ஓடுகிற கேம்பாய் கருவி மட்டும் யார் வீட்டிலும் இல்லை. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ மாமா இருக்கிறவன் வீட்டில் ஒன்று இருக்கலாம், அவன் அதைக் கையில் தர மாட்டான்.

ஆகவே எங்களுக்கு போக்கிமான் என்றால் பிரவுசிங் சென்டர். மேன்ஷன்களில் தங்கி வேலை தேடுகிற அண்ணன்மார்களுக்காக பெல்ஸ் ரோட்டிலும் பாரதி சாலையை ஒட்டிய சந்துகளிலும் பிரவுசிங் சென்டர்கள் அடுத்தடுத்து இருந்த காலம் அது. பயோடேட்டா அனுப்ப வருபவர்களுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டரில் கேம்பாய் விளையாட்டை ஓட்டிக் காட்டும் எமுலேட்டரைப் போட்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம். மணிக்கு 15, 20 ரூபாய். சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்று பதிப்புகளும் தலா ஒரு எம்பி அளவுதான். 1.44 எம்பி ஃப்ளாப்பியில் முழு விளையாட்டையும் சேமித்த ஃபைலையும் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். உரிமம் இல்லாத பிரதிதான், அதில் மறைக்க எதுவும் இல்லை. வாங்குவதற்கு இங்கே கடையும் இல்லை, கொடுப்பதற்கு எங்களிடம் காசும் இல்லை.

விளையாட்டு முழுக்க ஆங்கிலம். தமிழ் மீடியம் பையன்கள் பலருக்கு அது புரியாது. எழுத்துப் பெட்டி வந்தால் படிக்காமல் 'ஏ' பட்டனைத் தட்டித் தள்ளிவிட்டு முன்னே போவோம். அதனால் விளையாட்டு சொல்லித் தந்ததும் எங்களுக்கு எட்டவில்லை. பக்கத்து கம்ப்யூட்டரில் இருந்த கல்லூரி அண்ணன் திரும்பிப் பார்த்து, "டேய், ஆனிக்ஸுக்கு கரண்டு ஏறாதுடா, பூச்சி வளர்த்துக் கொண்டு வா" என்று சொன்னதுதான் பாடம். எந்த வகை எந்த வகையை அடிக்கும் என்ற அட்டவணை என் வகுப்பில் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதிக் கைமாறியது. எழுதியவன் ஒரு பாய் வீட்டுப் பையன், சரிபார்த்தவன் மாட வீதிப் பையன். பார்த்தசாரதி கோயில் குளத்தில் மீன் வாழாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. குளப் படியில் உட்கார்ந்து, வாட்டர் போக்கிமான்களில் எது எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவை ஒட்டிய மச்சிடாவில் சிறுவனாக பூச்சி பிடித்துத் திரிந்தவர். வயலும் குட்டையும் கட்டடமாக மாறிப்போனதைப் பார்த்தவர். பூச்சி பிடிக்கிற அந்தச் சந்தோஷத்தை அடுத்த தலைமுறைக்கும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் விளையாட்டுக்கு வேர் என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர்கள், இது அவர்களுக்கு விளக்காமலே விளங்கும். பொன்வண்டு எந்த மரத்தில் கிடைக்கும், எந்த இலையைத் தின்னும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. இன்னொரு பையன் சொன்னான். தஜிரியின் விளையாட்டும் அப்படி இன்னொரு பையனை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. முதல் இரண்டு பதிப்புகளில் மொத்தம் 151 உயிர்கள். ஒரு பதிப்பில் இருப்பவற்றில் சில மற்றதில் கிடையாது. இரண்டு கேம்பாயையும் கேபிளால் இணைத்து மாற்றிக்கொண்டால்தான் தொகுப்பு நிறையும். கடாப்ரா, ஹான்டர் போன்ற சில, கைமாறினால் மட்டுமே அடுத்த உருவம் எடுக்கும். பிரவுசிங் சென்டரில் கேபிளுக்கு எங்கே போக? எங்கள் கடாப்ராக்கள் கடைசிவரை கடாப்ராக்களாகவே இருந்துவிட்டன.

எளிமையாக்கும் வேலையை, விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கு முன்பே நாங்கள் தொடங்கிவிட்டோம். எமுலேட்டரில் சேவ் ஸ்டேட் என்று ஒன்று உண்டு. மியூட்டூ என்ற அரிய போக்கிமானின் மேல் பந்தை எறிவதற்கு முன் சேமித்துக்கொள்வது, தப்பினால் அதே நொடிக்குத் திரும்புவது. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் விளையாட்டே நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். கொஞ்ச நாளில் சீட் கோடுகளும் வந்தன. தின்றால் ஒரு லெவல் ஏறும் ரேர் கேண்டியை எண்ணிக்கையில்லாமல் எடுத்துத் தின்னக் கொடுத்து ஒரே மாலையில் 100-ஆம் லெவல். அப்படி வளர்த்தவனிடம் அவன் போக்கிமானைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்காது. ஒரு வாரத்தில் அந்த ஃபைலை அழித்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடுவான். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

முதல் பதிப்புக்கும் 'லெட்ஸ் கோ'வுக்கும் இடைப்பட்ட காலத்தில் தொடரும் மெல்ல இளகியது. அதில் பாதியை நான் மனசார வரவேற்கிறேன். முதல் பதிப்பில் பையில் 20 வகைப் பொருளுக்குத்தான் இடம். கம்ப்யூட்டரில் போக்கிமான்களை வைக்கும் பெட்டி 20-ல் நிறைந்துவிட்டால், கைக்கெட்டிய தூரத்தில் அரிய உயிர் நின்றாலும் பிடிக்க முடியாது. ஊருக்குத் திரும்பிப் பெட்டியை மாற்றிவிட்டு வர வேண்டும். மரத்தை வெட்டவும் கடலைக் கடக்கவும் சொல்லித் தந்த வித்தையை, அதைக் கற்ற போக்கிமான் மறக்கவே முடியாது, நல்ல அடி ஒன்றுக்கு இருந்த இடம் போச்சு. இவை வெறும் அலுப்பு. 2010-ல், போக்கிமானுக்குப் புது வித்தை கற்றுத் தரும் டிஎம் ஒன்றை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றார்கள், 2016-ல் வெட்டுகிற, நீந்துகிற கட்டாய வித்தைகளையே எடுத்தார்கள். நல்ல காரியம். 2004-ல் வந்த ஃபயர்ரெட் பதிப்பு, நிறுத்திய இடத்தை மறந்து போனவருக்காக, திறந்ததும் கடைசியாகச் செய்தவற்றைப் படமாக ஓட்டிக் காட்டும். வாரம் ஒருமுறை மட்டும் காசு சேர்த்துக்கொண்டு வந்த எங்களுக்கு அது பேருதவி.

ஆனால் 'லெட்ஸ் கோ'வில் பியூட்டர் ஜிம் வாசலில் நிற்கும் அந்த மனிதர் அலுப்பைக் குறைக்கவில்லை, முடிவெடுக்கும் வேலையைப் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். 'லெட்ஸ் கோ'வில் பெரும்பாலான காட்டுப் போக்கிமான்களோடு சண்டையே கிடையாது. பந்தை எறிந்தால் போதும். பழைய முறையில் முதலில் அடித்துச் சோர வைக்க வேண்டும். அதிகம் அடித்தால் மயங்கி விழுந்து கைநழுவிப் போகும், குறைவாக அடித்தால் பந்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த அளவை ஒவ்வொரு உயிருக்கும் புதிதாகக் கணிக்க வேண்டும். ஆப்ரா முதல் வாய்ப்பிலேயே மறைந்துவிடும் என்பதால் அதற்குத் தனி உத்தி. தஜிரி பூச்சி பிடித்ததன் சாரம் இந்தக் கணிப்பில்தான் இருந்தது என்பது என் கட்சி. எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னவன், இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும்விட எளிய பதிப்பு கைப்பேசியில் வந்த போக்கிமான் கோ. சண்டை நுணுக்கம் மிகக் குறைவு, நடந்து போய்ப் பந்தை எறிவதுதான் ஆட்டம். 2016 ஜூலையில் வேறு நாடுகளில் வெளியானதுமே இங்கே ஏபிகே ஃபைலை இறக்கிப் பலர் ஆடத் தொடங்கினார்கள். ஜியோவோடு கைகோத்து முறைப்படி இந்தியாவுக்கு வந்தது டிசம்பர் 14. சென்னையை வர்தா புயல் புரட்டிப் போட்டு இரண்டே நாள் ஆகியிருந்தது. விழுந்த மரங்களுக்கு நடுவே, சிக்னல் கிடைக்கிற மூலையைத் தேடி கைப்பேசியும் கையுமாக நடந்த பிள்ளைகளை காமராசர் சாலை ஓரத்தில் பார்த்தேன். அந்த விளையாட்டில் சிலைகளும் நினைவுச் சின்னங்களும் பந்து தரும் நிறுத்தங்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் சிலைகளை வரிசையாக நிறுத்திய ஊருக்கு அதில் என்ன குறை! கால்டுவெல், ஜி.யு.போப் என்ற பெயர்களை அங்கே நின்று வாய்விட்டுப் படித்த பிள்ளைகள் உண்டு. முன்பின் தெரியாதவர்கள், "இங்க என்ன வருது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சந்துக்குள் அடைந்திருந்த பேச்சைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தது இந்த எளிய பதிப்புதான்.

'லெட்ஸ் கோ' பிறந்ததும் அதிலிருந்துதான். கைப்பேசியில் பழகியவர்களையும் சிறு பிள்ளைகளையும் முழு விளையாட்டுக்குள் அழைத்து வருவதே நோக்கம் என்று அதன் இயக்குநர் ஜுனிச்சி மசுடா சொன்னார். உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. அது ஓடுகிற ஸ்விட்ச் கருவியை நிண்டெண்டோ அப்போது இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. இறக்குமதி செய்யும் கடைகளில் கிடைத்ததுதான். மேன்ஷன் அறைக்கு அது எட்டாது, பிரவுசிங் சென்டர்களும் அநேகமாக மூடிவிட்டன. ஆகவே இன்றைக்கு இந்த விளையாட்டு வீட்டுக்கூடத்தின் டிவியில் நடக்கிறது.

அங்கே நான் கண்ட ஒன்றை முன்பு எந்தப் பதிப்பிலும் கண்டதில்லை. ஸ்விட்ச்சின் இரண்டு ஜாய்கான் கைப்பிடிகளில் ஒன்றைக் குழந்தையும் மற்றதைப் பெரியவரும் பிடித்துக்கொள்ளலாம். இரண்டாமவர் குலுக்கினால் போதும், திரையில் இன்னொரு ஆளாக வந்துவிடுவார். இருவரும் ஒரே நேரத்தில் எறிந்தால் பிடிபடும் வாய்ப்பு கூடும். என் அண்ணன் வீட்டில் அவன் மகளோடு ஆடுவது அவளுடைய பாட்டி, என் அம்மா. அந்தக் காலத்தில் எங்களை பிரவுசிங் சென்டரிலிருந்து காதைப் பிடித்து இழுத்து வந்தவர். "எறி பாட்டி, இப்ப எறி!" என்று அவள் கத்த, அம்மா முன்கையைச் சுழற்றி எறிகிறார். பட்டர்ஃப்ரீயின் பெயர் அவருக்குத் தெரியும், கடாப்ராவின் பெயர் தெரியாது, "கரண்டி வெச்சிருக்கிறவன்" என்பார். சண்டையை எடுத்திருக்காவிட்டால் அம்மா இந்த ஆட்டத்துக்குள் வந்திருக்க மாட்டார் என்பது நிச்சயம். அதற்காக அந்த மாற்றத்தை முழுதாக வெறுக்க என்னால் முடியவில்லை.

எனக்கு வருத்தம் தருவது, இந்தத் தளர்வுகளில் எதை விரும்பி ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற உரிமையை இத்தொடர் ஆடுபவருக்குப் பெரும்பாலும் தருவதில்லை என்பது. 2012-ல் வந்த 'பிளாக் 2', 'ஒயிட் 2' பதிப்புகளில் கடினமான ஆட்டம், எளிய ஆட்டம் என்று இரண்டு சாவிகள் வைத்தார்கள். அவையும் ஒருமுறை சாம்பியனை வென்ற பிறகே கிடைக்கும், அதுவும் பதிப்புக்கு ஒன்று. எளிய ஆட்டம் தேவைப்படுகிறவருக்கு எல்லாம் முடிந்த பிறகு அதைக் கொடுத்து என்ன பயன்? தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் போதும். பாட்டிக்கு ஒரு வழி, பேத்திக்கு ஒரு வழி என்று திறந்துவிட்டிருக்கலாம். அடுத்தடுத்த பதிப்புகளில் அந்தச் சாவிகளும் இல்லை.

'லெட்ஸ் கோ'விலும் சாம்பியனை வென்ற பிறகுதான் உண்மையான கடினம் வருகிறது. விளையாட்டு நடக்கும் கேன்டோ நாடு முழுக்க மாஸ்டர் ட்ரெய்னர்கள் ஆங்காங்கே வந்து நிற்பார்கள். ஆளுக்கொரு போக்கிமான். கேட்டர்பீ வைத்திருப்பவரோடு மோத நம்மிடமும் கேட்டர்பீதான் இருக்க வேண்டும். புழுவோடு புழு, ஒற்றைக்கு ஒற்றை, மருந்து கொடுக்கக் கூடாது. எப்படி வளர்க்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அண்ணன் மகள் தன் கேட்டர்பீயை வளர்த்துக்கொண்டு போய் தோற்றுவிட்டாள். திறனைக் கூட்டும் மிட்டாயை எதற்குக் கொடுப்பது, வேகத்துக்கா தாக்குதலுக்கா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு 1998-ன் விதிகள்தான் தெரியும், இந்த மிட்டாய்க் கணக்கு தெரியாது. மாடியில் குடியிருக்கும் பதினோராம் வகுப்பு அண்ணனுக்குத் தெரிந்திருக்கும் என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.