பழுதடைந்த வரைவியல் அட்டை: திருத்துவதா, மாற்றுவதா?

கொழும்பு மாநகரின் ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் கிருலப்பனைக்கும் அயலாய் அமைந்த குடியிருப்புப் பகுதியாகும். 1890 முதல் 1895 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரை அஃது இன்றுந் தாங்கி நிற்கின்றது. அவ்விடத்து மாடிவீடுகளிலே கட்டடப் படம் வரையும் மாணவர், காணொளி தொகுக்கும் இளைஞர், விளையாட்டில் மூழ்குஞ் சிறுவர் ஆகிய பலரும் கணினியை நம்பி வாழ்கின்றனர். ஒருநாள் திரையிலே நிறக்கோடுகள் தோன்றும். மறுநாள் திரை முழுவதும் இருண்டுவிடும். காலி வீதியிலுள்ள பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குக் கணினியைத் தூக்கிச் சென்றால், ஒரு கடைக்காரர் "கார்ட் முடிந்துவிட்டது, புதிதாகப் போடுங்கள்" என்பார்; அடுத்த கடைக்காரர் "திருத்தித் தரலாம்" என்பார். இவ்விரு சொற்களுக்கு நடுவே நிற்கும் குடும்பத்துக்கு அது சிறு வினா அன்று. ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியும் மாணவனொருவனின் தவணை வேலையும் அவ்வினாவில் அடங்கியிருத்தல் கூடும். ஆதலின் அதனை முறையாக ஆராய்தல் பயனுடைத்து.

இலங்கையிற் பலர் இவ்வட்டையை இன்றும் 'வீ. ஜீ. ஏ. கார்ட்' என்றே வழங்குவர். அப்பெயர் ஐ. பி. எம். நிறுவனம் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு காட்சித் தரத்தின் பெயராகும். அத்தரம் வழக்கொழிந்த பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1999இல் என்விடியா நிறுவனம் தனது 'ஜீபோர்ஸ் 256' என்னும் பொருளை வெளியிட்டபோது 'ஜீ. பீ. யூ.' என்னும் பெயரைப் பரப்பியது. அன்றுதொட்டு இவ்வட்டை, கணினிக்குள் அமைந்த மற்றொரு கணினி என்று சொல்லத்தக்க அளவுக்கு வளர்ந்து வந்துள்ளது.

அட்டையின் உறுப்புக்களை நான்காக வகுத்துக் கொள்ளலாம். முதலாவது, கணிக்குஞ் சில்லு. இரண்டாவது, அதனைச் சூழ்ந்துள்ள நினைவகச் சில்லுகள். மூன்றாவது, மின்வழங்கும் பகுதி. நான்காவது, வெப்பம் போக்கும் விசிறியும் உலோகத் தகடுகளும். இவற்றுள் மின்வழங்கும் பகுதியின் உழைப்புப் பெரிது. கணினியிலிருந்து 12 வோல்ற்றில் வரும் மின்னைச் சில்லுக்கேற்ப ஏறத்தாழ 1 வோல்ற்றுக்குக் குறைத்துக் கொடுப்பது இதுவே. சில்லு 200 வாற்று வலுவை நுகருமாயின், அதனூடு ஏறக்குறைய 200 அம்பியர் ஓட்டம் பாய்தல் வேண்டும். இத்துணை ஓட்டத்தைத் தாங்குந் திரான்சிற்றர்களும் ஒடுக்கிகளும் காலப்போக்கில் நலிவடைதல் வியப்பன்று.

ஊரின் இயல்பும் இந்நலிவுக்குத் துணைசெய்கின்றது. ஹெவ்லொக் டவுன் கடற்கரைக்கு அண்மையிலுள்ளது. ஈரமும் உப்பும் கலந்த காற்று உலோகத் தொடுகைகளை மெல்ல அரிக்கும். பெருவீதியின் புழுதி விசிறியிற் படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கும். பருவக்காற்றுக்களுக்கு இடைப்பட்ட ஏப்பிரல், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் இடியும் மின்னலும் மிகும். மின்வெட்டு நீங்கி மின் திரும்பும் வேளையில் அழுத்தம் திடீரெனத் துள்ளுதலும் உண்டு. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாடு கண்ட நீண்ட மின்வெட்டுக்கள் இவ்விடரைப் பலருக்கும் உணர்த்தின.

இனி, 'சில்லுப் பழுது' என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் உண்மையை நோக்குவாம். சில்லு அட்டையோடு நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட, சிறு பற்றாசு மணிகளாற் பிணைக்கப்பட்டுள்ளது. முற்காலத்துப் பற்றாசு வெள்ளீயமும் காரீயமுங் கலந்தது. அதன் உருகுநிலை 183 பாகை செல்சியசு. காரீயத்தின் நச்சுத்தன்மை கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி முதல் மின்னணுப் பொருட்களில் அதனைக் கட்டுப்படுத்தியது. அதன் பின்னர் வெள்ளீயம், வெள்ளி, செம்பு ஆகியன கலந்த பற்றாசு பெருவழக்காயிற்று. அதன் உருகுநிலை 217 பாகைக்குச் சற்று மேற்பட்டது. கணினி இயங்கும்போது சில்லு சூடேறி விரிகின்றது. நிறுத்தியதுங் குளிர்ந்து சுருங்குகின்றது. சில்லும் அதனைத் தாங்கும் பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. ஆகவே அவற்றுக்கு இடைப்பட்ட பிணைப்பே அவ்வேறுபாட்டைத் தாங்க வேண்டியதாகின்றது. பல்லாயிரந் தடவை வளைக்கப்பட்ட கம்பி முறிவதுபோல, அப்பிணைப்பும் ஈற்றில் வெடிப்புறுகின்றது.

உலகம் அறிந்த இரு நிகழ்ச்சிகள் இதற்குச் சான்றாகும். 2007ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் தனது எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுக் கருவியின் பழுதுகளின் பொருட்டு உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டியது. அதற்கென நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையை ஒதுக்கியது. 2008ஆம் ஆண்டு யூலை மாதத்தில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கான தனது சில்லுகள் சிலவற்றின் பொதிகைப் பொருள் வலுக்குன்றியிருந்ததை வெளியிட்டு, 15 முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்கியது. எக்ஸ்பொக்ஸ் கருவியிலே முறிந்தவை பலகையிலுள்ள பெரிய பற்றாசு மணிகள் அல்ல, சில்லின் பொதிகைக்குள்ளே இருந்த நுண்ணிய இணைப்புக்களே என்பது 2021இல் அந்நிறுவனத்தார் வெளியிட்ட வரலாற்றுப் படத்தில் விளக்கப்பட்டது.

இவ்விளக்கம் ஒரு கைவைத்தியத்தின் பொய்ம்மையையுங் காட்டிவிடுகின்றது. பழுதான அட்டையை வீட்டுப் போறணையில் வைத்துச் சூடாக்கினால் உயிர்பெறும் என்பர் சிலர். சிலவேளை அது உயிர்பெறுவதும் உண்டு. ஆயின் 200 பாகையளவில் காரீயமற்ற பற்றாசு உருகுவதில்லை. வெப்பத்தினால் விரிந்த பொருட்கள், வெடிப்புற்ற இணைப்பின் இரு முனைகளையுஞ் சிறிது காலம் ஒன்றோடொன்று தொடச் செய்கின்றன, அவ்வளவே. சில நாட்களிலோ சில வாரங்களிலோ பழுது திரும்பி வரும். உணவு சமைக்கும் போறணையிற் பிளாத்திக்குப் புகையும் உலோகப் புகையும் படிவதே எஞ்சும் பயன். சில்லைக் கழற்றிப் பற்றாசு மணிகளைப் புதுக்கும் தொழின்முறைத் திருத்தமும், முறிவு பொதிகைக்கு உள்ளே இருப்பின், நிலைத்த பயன் தராது.

எனவே, எப்பகுதி பழுதுற்றது என்பதை அறியாமல் திருத்தமா மாற்றமா என வினவுதல் பொருந்தாது. முதலிற் பழுது அட்டையினுடையதுதானா என்று தெளிதல் வேண்டும். திரைக்குச் செல்லும் வடத்தை மாற்றிப் பார்த்தல், அட்டையைக் கழற்றி அதன் பொன்முலாம் பூசிய தொடுகைகளைத் துடைத்து மீளப் பொருத்துதல், வேறொரு கணினியிற் பொருத்திப் பார்த்தல் ஆகியன செலவில்லாத சோதனைகளாம். கணினியைத் தொடங்கியவுடன் தோன்றும் முதற்றிரையிலேயே கோடுகள் தெரியுமாயின் பழுது பெரும்பாலும் வன்பொருளைச் சார்ந்தது. இயக்குமென்பொருள் ஏற்றப்பட்ட பின்னரே குழப்பந் தோன்றுமாயின், அம்மென்பொருளை நீக்கி மீள நிறுவிப் பார்த்தல் தகும். விளையாட்டோ கனத்த வேலையோ நடக்கும்போது மட்டும் கணினி அணைந்துவிடுமாயின், அதிக வெப்பத்தையும் கணினியின் மின்வழங்கியையும் ஐயுற வேண்டும். மின்வழங்கியின் குற்றத்துக்காகப் புதிய அட்டை வாங்குவோன் பணத்தையும் இழந்து, பழுதையும் வீட்டிலேயே வைத்திருப்பான்.

அட்டையே பழுது எனத் தெளிந்தால், உத்தரவாதக் காலம் முடிந்ததா என்பதே அடுத்த வினா. முடியாத அட்டையை வெளியாள் எவரும் திறத்தலாகாது. தொடரிலக்கத் தாளைக் கிழித்தலும் ஆகாது. பற்றுச்சீட்டுடன் விற்றவரிடமே கொண்டு செல்லல் வேண்டும். நுகர்வோரின் முறைப்பாடுகளை விசாரிப்பதற்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் உண்டு.

உத்தரவாதம் முடிந்திருப்பின், விலையை விலையோடு மட்டும் ஒப்பிடுதல் போதாது. ஓராண்டுப் பயனுக்கு ஆகுஞ் செலவை ஒப்பிடுதலே முறை. எடுத்துக்காட்டாக, புதிய அட்டை 120,000 ரூபா எனவும் ஐந்தாண்டு உழைக்கும் எனவுங் கொள்வோம். ஓராண்டுச் செலவு 24,000 ரூபா ஆகும். விசிறியை மாற்றி வெப்பப் பசையைப் புதுக்க 6,000 ரூபா செலவாகி, அதனால் இரண்டாண்டு கிடைக்குமாயின் ஓராண்டுச் செலவு 3,000 ரூபாவே. திருத்தமே சிறந்தது என்பதில் ஐயமில்லை. நினைவகச் சில்லொன்றை மாற்ற 20,000 ரூபா எனவும், நான்கில் மூன்று தடவை வெற்றி எனவும், வென்றால் இரண்டாண்டு உழைப்பு எனவுங் கொண்டால், எதிர்பார்க்கத்தக்க உழைப்பு ஒன்றரை ஆண்டாகும். ஓராண்டுச் செலவு 13,000 ரூபாவுக்குச் சற்று மேல்; இங்கும் திருத்தமே வெல்லும். ஆனாற் கணிக்குஞ் சில்லைத் திருத்த 25,000 ரூபா, வெற்றி இரண்டில் ஒன்று, உழைப்பு ஓராண்டு எனின், எதிர்பார்க்கத்தக்க உழைப்பு அரையாண்டே. ஓராண்டுச் செலவு 50,000 ரூபா ஆகிவிடும். இங்கு மாற்றுதலே அறிவுடைமை.

இக்கணக்கில் மறைந்திருக்கும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 'திருத்தம் வெற்றியளித்தால் மட்டுமே கூலி' எனக் கடைக்காரர் உடன்படுவாராயின், மேற்சொன்ன கடைசித் திருத்தத்தின் செலவு ஓராண்டுக்கு 25,000 ரூபாவாகக் குறைந்து, புதிய அட்டையோடு ஏறக்குறையச் சமனாகின்றது. ஆகவே கூலி எவ்வளவு என்பதற்கு முன் கூலி எப்போது என்பதையும், திருத்தத்துக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தன் கைத்திறனில் நம்பிக்கையுள்ள வினைஞன் இவ்வினாக்களுக்குத் தயங்கான்.

ஒப்பீட்டிற் பலர் செய்யும் பிழை மற்றொன்று. ஆறாண்டுப் பழைய அட்டையின் திருத்தக் கூலியை இன்று வெளிவந்த உயர்தர அட்டையின் விலையோடு ஒப்பிடுவர். பழையதற்கு நிகரான திறனுடையது என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதே கேட்கவேண்டியது. கடிதமும் பாடமும் எழுதுவதற்கு மட்டும் கணினியைப் பயன்படுத்துவோர்க்குத் தனி அட்டையே வேண்டுவதில்லை; மையச் செயலிகள் பலவற்றில் வரைவியற் பகுதி உள்ளடங்கியுள்ளது. பயன்படுத்திய அட்டையை வாங்குவோர் அதன் வரலாற்றையும் வினவல் வேண்டும். எதீரியம் என்னும் எண்ணிம நாணய வலைப்பின்னல் 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15ஆந் திகதி தன் முறையை மாற்றியபோது, இரவுபகலாக அதற்கென உழைத்த அட்டைகள் பெருந்தொகையாகப் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. அவை யாவுந் தீயன அல்லவெனினும், தேய்ந்த விசிறிகளையும் உலர்ந்த பசையையும் எதிர்பார்த்தே வாங்குதல் நன்று.

நாணயத்தின் நிலையும் தீர்மானத்தை மாற்ற வல்லது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. 300 டொலர் பெறுமதியான அட்டை, வரி நீங்கலாகவே, 60,000 ரூபாவிலிருந்து 108,000 ரூபாவுக்கு ஏறியது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளின் விலை டொலரோடு ஏறுகின்றது. உள்ளூர் வினைஞனின் கூலி அவ்வளவு விரைவில் ஏறுவதில்லை. அதனால், முந்திய ஆண்டில் எறிந்திருக்கக்கூடிய அட்டை அவ்வாண்டில் திருத்துதற்குரியதாயிற்று. செல்வ நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரையைக் கொழும்பிலுள்ளோர் அப்படியே பின்பற்றலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

ஈற்றிற் கருதவேண்டியது கழிவு. 2022ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததெனவும், அதில் 22.3 வீதமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளதெனவும் ஐக்கிய நாடுகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. திருத்த இயலாத அட்டையைக் குப்பையோடு எறியாமல், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைத்தல் கடன். பழுதான அட்டையின் விசிறியும் நல்ல சில்லுகளும் மற்றோர் அட்டைக்கு உயிர் கொடுக்கக் கூடுமாதலின், திருத்துவோனிடம் விட்டுச் செல்லுதலும் பயனற்றதாகாது.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவது யாதெனின், விசிறி, பசை, தொடுகை, ஒடுக்கி, திரான்சிற்றர் ஆகியவற்றின் பழுதுகள் பெரும்பாலும் திருத்தத்தக்கன. நினைவகப் பழுது கணக்கிட்டுத் துணியத்தக்கது. கணிக்குஞ் சில்லின் பழுது பெரும்பாலும் மாற்றத்தையே வேண்டி நிற்பது என்பதாம். எத்தீர்மானமாயினும், மாணவன் தன் வரைபடங்களை வேறிடத்தும் பிரதி செய்து வைத்திருப்பானாயின், திரை இருண்ட அன்று அவன் இழப்பது ஓர் அட்டையை மட்டுமே. அமைதியாக இருந்து கணக்குப் பார்ப்பதற்கு அவனுக்கு நேரமும் இருக்கும்.