எலியேசரின் இலத்திரனும் மேற்கோள்களின் கணக்கும்

மாணவர்களே, அணுவின் கோள் மாதிரியுருவை விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். நேரேற்றமுள்ள கரு நடுவில் உள்ளது. மறையேற்றமுள்ள இலத்திரன்கள் அதனைச் சுற்றி வருகின்றன. 1911இல் இரதபோட் முன்வைத்த கருத்திலிருந்து பிறந்த இம்மாதிரியுருவில் ஒரு பெருஞ் சிக்கல் இருந்தது. அச்சிக்கலின் ஒரு பகுதியை ஆராய்ந்து உலகின் கவனத்தைப் பெற்றவர் நம் நாட்டவரான பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் (1918 - 2001). பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் மாணவர் அவர்.

சிக்கலை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பு வாவிக்கு வருவோம். கல்லடிப் பாலத்தில் நின்று கீழே செல்லும் இயந்திரப் படகொன்றை அவதானியுங்கள். படகு கடந்து சென்ற பின்னரும் அதனால் உண்டான அலைகள் கரையில் வந்து மோதுகின்றன. அந்த அலைகளுக்குச் சக்தி எங்கிருந்து வந்தது? படகிலிருந்துதான். இயந்திரத்தை நிறுத்தினால் படகு வேகங் குறைவதற்கு நீரின் உராய்வுடன் இவ்வாறு அலைகளாகச் சக்தி வெளியேறுவதும் ஒரு காரணமாகும்.

ஆர்முடுகலுடன் இயங்கும் ஏற்றமுள்ள துணிக்கையும் இவ்வாறே மின்காந்த அலைகளை வெளிவிடுகிறது. வட்டப் பாதையில் இயங்கும் இலத்திரனின் திசை கணந்தோறும் மாறுவதால் அதற்கு எப்போதும் ஆர்முடுகல் உண்டு. எனவே அது ஓயாது சக்தியை இழக்க வேண்டும். கணித்துப் பார்த்தால், ஐதரசன் அணுவின் இலத்திரன் ஏறத்தாழ 10⁻¹¹ செக்கனில் கருவினுள் விழுந்துவிட வேண்டும். அப்படி நடந்தால் நீங்களும் இல்லை, வாவியும் இல்லை! 1913இல் நீல்ஸ் போர் குறித்த சில சக்தி மட்டங்களில் மட்டுமே இலத்திரன் இருக்கலாம் எனக் கூறி அணுவைக் காப்பாற்றினார்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சியது. அலையை வெளிவிடும் துணிக்கையை அந்த அலை எவ்வளவு பின்னிழுக்கிறது? 1938இல் டிராக் இதற்கென ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். கேம்பிரிஜில் அவரிடம் ஆய்வு செய்த எலியேசர் 1943இல் அச்சமன்பாட்டை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்தார். இலத்திரன் ஒன்று புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் செல்வதாகக் கொள்வோம். எதிரேற்றங்கள் கவரும் என்பதால் இரண்டும் மோதும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். கணிதமோ வேறு விடை தந்தது. இலத்திரன் புரோத்தனைத் தொடாமலே திரும்பி, மேலும் மேலும் ஆர்முடுகி வெளியே ஓடுகிறது! இயந்திரமில்லாத தோணி தானாகவே வேகமெடுத்து ஓடுவது போன்றது இது. இயற்கையில் இப்படி நடப்பதில்லை. ஆகவே பழுது சமன்பாட்டிலேதான். நோபல் பரிசு பெற்ற தம் ஆசிரியரின் சமன்பாடு எங்கே தவறுகிறது என்பதை மாணவர் காட்டினார். என் கருத்தில் அவரது பணிகளுள் துணிவானது இதுவே.

1948இல் றோயல் சங்கத்தின் ஆய்விதழில் மாற்றுச் சமன்பாடுகளையும் அவர் ஆராய்ந்தார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும், 1959 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், 1968 முதல் மெல்பேணிலுள்ள லாட்ரோப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

இனி மேற்கோள்களுக்கு வருவோம். ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது தாம் பயன்படுத்திய முந்திய கட்டுரைகளை உசாத்துணைப் பட்டியலில் குறிப்பிடுவார். அவ்வாறு குறிப்பிடப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு மேற்கோளாக எண்ணப்படும். 2005இல் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் எச்-சுட்டெண்ணை அறிமுகஞ் செய்தார். ஒருவரின் கட்டுரைகளில் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 மேற்கோள்களைப் பெற்று, 11 கட்டுரைகள் அவ்வாறு 11ஐப் பெறாவிடின் அவரது எச்-சுட்டெண் 10 ஆகும். பதவி உயர்வுக்கும் ஆய்வுநிதிக்கும் இவ்வெண்கள் இன்று பார்க்கப்படுகின்றன.

இந்த அளவுகோல் எலியேசருக்கு எவ்வளவு பொருந்தும்? 1948இல் அவரது சமன்பாட்டைப் பரிசோதிக்க வழியே இருக்கவில்லை. முதலாவது லேசர் இயங்கியதே 1960இல்தான். 1991இல் போர்ட், ஓகொனல் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இலத்திரனுக்குப் பருமன் உண்டு எனக் கொண்டு, முற்றிலும் வேறு வழியால் அதே வடிவுள்ள சமன்பாட்டை அடைந்தனர். அதில் இலத்திரன் தானாக ஓடுவதில்லை. வலிமைமிக்க லேசர்கள் வந்தபின் இச்சமன்பாடு ‘எலியேசர் - போர்ட் - ஓகொனல் சமன்பாடு’ என்ற பெயரில் ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறலாயிற்று. 2018இல் இங்கிலாந்தில், இரதபோட்டின் பெயரையுந் தாங்கிய ஆய்வுகூடமொன்றில், லேசர் ஒளியுடன் மோதிய இலத்திரன்கள் கதிர்ப்பினால் சக்தி இழந்தமைக்கான சான்றுகள் கிடைத்தன.

அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1950களில் மேற்கோள்களை எண்ணிய எவரும் இதனை முன்னறிந்திருக்க முடியாது. மறுபுறம், மிக ஆழமாக வேரூன்றிய கருத்துக்கும் மேற்கோள் கிடைப்பதில்லை. நியூற்றனின் இரண்டாம் விதியைப் பயன்படுத்தும் எவர் அவரது நூலைப் பட்டியலிடுகிறார்?

பரீட்சையில் கோள் மாதிரியுருவின் குறைபாடு வினவப்பட்டால், ‘இலத்திரன் கருவில் விழும்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். ஆர்முடுகல், கதிர்ப்பு, சக்தியிழப்பு என்ற மூன்று படிகளையும் இவ்வொழுங்கில் எழுதுக.

பயிற்சி: வட்டப் பாதையில் மாறாக் கதியுடன் இயங்கும் இலத்திரனுக்கு ஆர்முடுகல் உண்டு எனக் கூறுவது ஏன்?