நடுவரின் கவசம்

போர்க்களம் புகும் வீரன் மெய்க்கவசம் அணிகின்றான். சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளி தலையிற் கடினமான தொப்பியைக் கவித்துக் கொள்கின்றான். உலைக்களத்தில் நிற்பவன் கண்களுக்குக் கண்ணாடி இட்டுக் கொள்கின்றான். இவர்கள் இடர் மிகுந்த தொழில் செய்வோர். ஆதலின், தம்மைக் காத்துக் கொள்வது இயல்பே. ஆனால், பந்தை எறியாமலும், மட்டையைத் தொடாமலும், நடுநிலையோடு தீர்ப்புக் கூறுவதற்காகவே ஆடுகளத்தில் நிற்கும் ஒருவர் தலைமுதற் கால்வரை கவசம் பூண்டு நிற்கின்றார் என்றால், அது வியப்பாகத் தோன்றும் அன்றோ? அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பி ஆடும் பேஸ்பால் ஆட்டத்தில் அத்தகைய நடுவரைக் காணலாம்.

கிரிக்கெட்டு ஆட்டத்தை நாம் நன்கு அறிவோம். அதில் நடுவர், பந்து வீசுவோர் பக்கத்து முளைகளுக்குப் பின்னால் நிற்கின்றார். வீசப்படும் பந்து அவரை விட்டு விலகிச் செல்கின்றது. பேஸ்பாலிலோ நிலைமை நேர்மாறானது. இங்கே தலைமை நடுவர், பந்தை அடிக்கும் மட்டையாளருக்கும் பிடிக்கும் வீரருக்கும் பின்னால் நிற்கின்றார். எறியப்படும் பந்து ஒவ்வொன்றும் அவர் முகத்தை நோக்கியே வருகின்றது.

அவர் அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. மட்டையாளரின் அருகே, தரையோடு தரையாக, ஐந்து கோணமுள்ள வெள்ளை ரப்பர்த் தட்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதன் அகலம் 17 அங்குலம். எறியப்பட்ட பந்து அத்தட்டின் மேலாக, மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்திற் கடந்ததா, இல்லையா என்று நடுவர் கூற வேண்டும். கடந்ததாயின் அது 'ஸ்டிரைக்'. மட்டையாளர் அடிக்க முயலாதபோது, கடவாததாயின் அது 'பால்'. ஆட்டத்தின் போக்கே பெரும்பாலும் இத்தீர்ப்பைப் பொறுத்தது. பந்தின் வழியை நேருக்கு நேர் பார்ப்பவரே இதனைச் சரியாகக் கூற முடியும்.

பந்து எறிபவர் அத்தட்டிலிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில் நிற்கின்றார். பந்தின் எடை ஏறத்தாழ 5 அவுன்சு, அதாவது 142 முதல் 149 கிராம் வரை இருக்கும். நூல் இறுகச் சுற்றித் தோல் போர்த்திய அப்பந்து கல்லைப் போலக் கடினமானது. தேர்ந்த ஆட்டக்காரர் கையிலிருந்து அது மணிக்கு 90 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் வரும். எறிபவர் கையை விட்டு நீங்கியபின், அரை நொடிக்குள் அது நடுவர் முன் வந்து சேர்ந்துவிடுகின்றது.

பெரும்பாலான பந்துகளை முன்னே குந்தியிருக்கும் வீரர் தம் தோலுறையிற் பிடித்து விடுவார். அவரே நடுவருக்கு முதற்கவசம் எனலாம். ஆயினும், மட்டையின் விளிம்பில் உராய்ந்த பந்து திடீரெனத் திசை மாறும். அப்பொழுது அதைத் தடுக்க எவராலும் இயலாது. விலகிக் கொள்ளவும் நேரம் இராது. அந்தக் கணத்தில் நடுவரைக் காப்பது அவர் முன்கூட்டியே தேர்ந்து அணிந்த கவசம் ஒன்றே.

இங்கே ஒரு காட்சியை மனக்கண்ணாற் காண்போம். அமெரிக்காவில் ஒரு சிற்றூர். சனிக்கிழமை மாலை. சிறுவர் இரு பிரிவாகப் பேஸ்பால் ஆடுகின்றனர். நடுவராக நிற்பவர் இப்பணிக்குப் புதியவர். யாரிடமோ இரவல் வாங்கிய முகக்கவசம் அவர் முகத்திற் பொருந்தவில்லை. குனியும் போதெல்லாம் மூக்கின் மேற் சரிகின்றது. மார்புக் கவசம் தளர்ந்து தொங்குகின்றது. முதற் பந்து மட்டையிற் பட்டு அவர் தோளை உரசிச் செல்கின்றது. அதன்பின் வரும் பந்து ஒவ்வொன்றுக்கும் அவர் கண்களை மூடித் தலையைத் திருப்புகின்றார். இறுதிப் பந்து வருகின்றது. அவர் அதனைப் பார்க்கவில்லை. 'ஸ்டிரைக்' என்று குத்துமதிப்பாகக் கூறிவிடுகின்றார். பந்து அகன்று சென்றதைக் கண்ட சிறுவன் ஒன்றும் பேசாது, மட்டையைத் தாழ்த்திக் கொண்டு நடக்கின்றான். அச்சிறுவனுக்கு நேர்ந்த அநீதிக்குக் காரணம் யாது? நடுவரிடம் தீய எண்ணம் சிறிதும் இல்லை. அவரிடம் இருந்தது அச்சம். அஞ்சும் கண் காணாது. காணாத கண் நீதி கூறாது. ஆகவே, நடுவரின் கவசம் அவர் உடலை மட்டுமா காக்கின்றது? அவர் தீர்ப்பையும் காக்கின்றது.

இக்கவசங்கள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. முற்காலத்தில் ஆட்டக்காரர் வெறும் முகத்தோடே பந்தை எதிர்கொண்டனர். 1877ஆம் ஆண்டளவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மாணவரான பிரெட் தேயர் என்பார், வாட்பயிற்சியில் அணியும் கம்பி முகமூடியைப் பார்த்துப் பந்து பிடிப்பவருக்கு ஏற்ற முகக்கவசம் ஒன்றை அமைத்தார். மறு ஆண்டில் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். 1907ஆம் ஆண்டில் நியூயார்க்கு அணியைச் சேர்ந்த ரோஜர் பிரெஸ்னகன், கிரிக்கெட்டு ஆட்டக்காரர் அணிவதைப் போன்ற கால் காப்புகளை அணிந்து களம் புகுந்தார். அவரை எள்ளி நகையாடியவர்களும் உண்டு. பின்னர் அக்காப்பின் பயனை அனைவரும் உணர்ந்தனர்.

மார்புக் கவசத்தின் வரலாறு இன்னும் சுவையானது. அமெரிக்காவின் பெரிய ஆட்டக் கழகங்கள் இரண்டனுள், 'அமெரிக்கன் லீக்' நடுவர்கள் காற்றடைத்த பெரிய மெத்தை போன்ற கவசத்தைக் கைகளால் முன்னே பிடித்துக் கொண்டு நின்றனர். 'நேஷனல் லீக்' நடுவர்களோ சட்டைக்குள்ளே அணியும் சிறு கவசத்தை மேற்கொண்டனர். 1905 முதல் 1941 வரை நடுவராக விளங்கிய பில் கிளெம் இவ்வுட்கவசத்தைப் போற்றிப் பரப்பியவர்களுட் சிறந்தவர். மெத்தைக் கவசம் பிடித்தவர், பந்து பிடிப்பவரின் தலைக்கு மேலாகவே பார்க்க நேர்ந்தது. உட்கவசம் அணிந்தவரோ, பிடிப்பவருக்கும் மட்டையாளருக்கும் இடையே உள்ள இடைவெளியிற் குனிந்து நின்று, தாழ வரும் பந்தையும் தெளிவாகக் கண்டார். அதனால், ஒரே விதியைப் பின்பற்றிய இரு கழகங்களில், தாழ்ந்த பந்துகளைப் பற்றிய தீர்ப்பு வேறுபட்டது என்பர். 1977ஆம் ஆண்டு முதல், புதிதாகச் சேரும் நடுவர்கள் உட்கவசமே அணிய வேண்டும் என்று அமெரிக்கன் லீக் விதித்தது. மெத்தைக் கவசம் பிடித்த கடைசி நடுவர் 1985ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். கவசத்தின் அமைப்பு காட்சியை மாற்றும், காட்சி தீர்ப்பை மாற்றும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனி, இப்பணியிற் புதிதாகப் புகுவோர் கவசங்களை எவ்வாறு தேர்ந்து கொள்ள வேண்டும் என்பதைக் காண்போம்.

முதலாவது முகக்கவசம். கம்பிச் சட்டத்தின் உட்புறத்தில் தோலாலோ பஞ்சு போன்ற பொருளாலோ ஆகிய திண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். சட்டம் எஃகினாலும் அலுமினியத்தாலும் டைட்டானியத்தாலும் செய்யப்படுகின்றது. இலேசான சட்டம் கழுத்துக்கு இதமானது, விலையோ மிகுதி. எஃகுச் சட்டம் சற்றுக் கனமானது, ஆயினும் உறுதியானது. புதியவர் விலையுயர்ந்த உலோகத்தை நாடுவதினும், தம் முகத்திற்குப் பொருந்துவதை நாடுவதே நன்று. அணிந்து பார்க்கும்போது நெற்றியும் தாடையும் திண்டுகளின் மேல் ஒரே சீராகப் படிய வேண்டும். கம்பி எதுவும் கண்ணுக்கு நேரே குறுக்கிடுதல் கூடாது. வார் மிக இறுகியும் இருத்தலாகாது. பந்து தாக்கும்போது கவசம் சற்றே அசைந்து கொடுத்தால் அடியின் வேகம் ஓரளவு தணியும். உயரே எழும் பந்தைக் காணவும், ஓடுகின்றவரைப் பின்தொடரவும் நடுவர் இடக்கையினாற் கவசத்தை நொடியிற் கழற்ற வேண்டும். அப்பொழுது தொப்பி கீழே விழாதிருத்தல் வேண்டும். ஆதலின், முன்விளிம்பு குறுகிய தொப்பியை அவர்கள் அணிகின்றனர்.

முகக்கவசத்தின் கீழே தொங்கும் சிறு தகடு குரல்வளையைக் காப்பது. 1976ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் ஸ்டீவ் ஈகர் தம் முறைக்காகக் காத்திருந்தபோது, உடைந்து பறந்த மட்டையின் சிம்பு ஒன்று அவர் கழுத்திற் பாய்ந்தது. அவர் பிழைத்தெழுந்தார். அதன் பின்னரே முகக்கவசத்தினின்று தொங்கும் இக்காப்பு வழக்கத்திற்கு வந்தது. விலையாற் சிறியது எனினும், இதனை விலக்கி வைத்தல் தகாது. இக்காலத்தில் தலை முழுவதையும் மூடும் தலைக்கவசமும் கிடைக்கின்றது. பனிக்கட்டி ஹாக்கியில் இலக்குக் காப்பவர் அணிவதைப் போன்ற இதனை, 1996ஆம் ஆண்டில் டொராண்டோ அணியின் சார்லி ஓ'பிரையன் முதன்முதலாகப் பெரிய ஆட்டங்களில் அணிந்தார். இது தலையின் பக்கங்களையும் காக்கும். ஆனால் வெப்பம் மிகுதி, கழற்றுவதும் எளிதன்று. இரண்டனுள் எது தமக்கு ஏற்றது என்பதை அணிந்து பார்த்தே துணிய வேண்டும்.

இரண்டாவது மார்புக் கவசம். இங்கே புதியவர் பலர் ஒரு தவறு செய்கின்றனர். பந்து பிடிப்பவரின் கவசத்தையே வாங்கி விடுகின்றனர். அது மென்மையானது, மோதிய பந்து தொலைவில் தெறிக்காமல் அருகிலேயே விழுவதற்கென அமைந்தது. நடுவரின் கவசமோ, கடினமான தகடுகளை வெளிப்புறத்தும் மெத்தென்ற திண்டுகளை உட்புறத்தும் கொண்டது. அது சட்டைக்குள் அடங்க வேண்டும். காறையெலும்புகளையும் தோள்களையும் முற்றும் மூட வேண்டும். கழுத்தருகே இடைவெளி மிகுதியாக இருப்பின், வார்களை இறுக்கிக் கவசத்தை மேலே உயர்த்த வேண்டும். நிற்கும்போது பொருந்துவது குனியும்போது விலகக்கூடும். ஆகவே, கடையிலேயே களத்தில் நிற்பதுபோற் குனிந்து, வலக்கையை உயர்த்திப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது கால் காப்பு. அது முழங்கால், கணைக்கால், பாதத்தின் மேற்புறம் ஆகியவற்றை மூடுவது. நடுவர் அதனைக் காற்சட்டைக்குள் அணிவதால், அது அகலம் குறைந்திருத்தல் நலம். முழங்காலை மடக்கும்போது எலும்பு வெளியே தெரியலாகாது. கொக்கிகள் காலின் வெளிப்புறத்தில் அமைய வேண்டும். உட்புறத்தில் இருந்தால் ஓடும்போது ஒன்றோடொன்று சிக்கி வீழ்த்திவிடும். காலணியோ விரல்களின் மேல் எஃகுத் தகடு பொதிந்ததாய் இருத்தல் வேண்டும். அடிவயிற்றின் கீழ்ப்பகுதியைக் காக்கும் கிண்ண வடிவான காப்பையும் மறத்தலாகாது. சிறுவர் ஆட்டம்தானே என்று எண்ணி இதனை விடுத்தவர் பின்னர் வருந்துவர்.

சிறுவர் ஆட்டம் என்பதனால் இடர் குறைவு என்று எண்ணுதலும் பிழை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் ஆடும் லிட்டில் லீக் ஆட்டத்தில் எறிதொலைவு 46 அடியே. மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்தும் ஏறத்தாழ அரை நொடியில் தட்டை அடைந்துவிடும். அன்றியும், பிடிப்பவன் சிறுவன். அவன் கைக்குத் தப்பும் பந்துகள் மிகுதி.

எல்லாவற்றையும் ஒருங்கே வாங்கப் பொருள் போதாவிட்டால் என் செய்வது? குறைந்த கவசத்தோடு தட்டின் பின்னே நிற்றல் ஒருபோதும் தகாது. தளங்களின் அருகே நிற்கும் துணை நடுவருக்கு இக்கவசங்கள் வேண்டுவதில்லை. முழுக் கவசமும் கைக்கு வரும் வரை அப்பணியைச் செய்து ஆட்டத்தைக் கற்கலாம். மூத்த நடுவர்களிடம் இரவல் பெறலாம். பழைய கவசத்தை வாங்குவோர், கம்பி வளைந்ததையும், தகடு வெடித்ததையும், திண்டு நொறுங்கியதையும் விலக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் வியர்வை நீங்க நிழலில் உலர்த்தி, வார்களையும் கொக்கிகளையும் சோதித்து வைத்தல் வேண்டும்.

இத்தனையும் பூண்ட பின்னரும் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நடுவரின் கவசம் முன்புறத்தை மட்டுமே காக்கும். அஞ்சித் தலையைத் திருப்புகின்றவர், காவலுள்ள முகத்தை மறைத்துக் காவலற்ற காதையும் பிடரியையும் பந்துக்குக் காட்டுகின்றார். பந்தை நேர்கொண்டு பார்த்து அசையாது நிற்பவரே முற்றும் காக்கப்படுகின்றார். தலையில் அடிபட்டு மயக்கமோ தலைவலியோ தோன்றினால், ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. அதனைப் பொறுத்துக் கொண்டு நிற்பது வீரம் ஆகாது.

கர்ணன் கவசத்தோடு பிறந்தான் என்று பாரதம் கூறுகின்றது. நம்மில் எவரும் அவ்வாறு பிறப்பதில்லை. நமக்கு வேண்டிய காவலை நாமே ஆராய்ந்து தேடிக் கொள்ளல் வேண்டும். நன்கு பொருந்திய கவசம் அச்சத்தை நீக்குகின்றது. அச்சம் நீங்கிய கண் உள்ளதை உள்ளவாறு காண்கின்றது. அவ்வாறு கண்டு கூறும் நடுவரின் சொல்லை, தோற்ற சிறுவனும் மனமார ஏற்றுக் கொள்வான்.