காவல் வரிசையில் பாபி சிங்

இலங்கையின் மடுல்சீமை மலைச்சரிவுகளுக்குக் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக நம் முன்னோர் அழைத்துவரப்பட்ட அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், 1879ஆம் ஆண்டு முதலாக இந்தியத் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தத்தின்பேரில் கப்பலேற்றப்பட்ட பீஜித் தீவிலே, 1975ஆம் ஆண்டில் பிறந்து, கனடாவிலே வளர்ந்து, அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் நம்மவர்க்கு அபூர்வமானதொரு ஸ்தானத்தை அடைந்தவர் பாபி சிங்.

அவ்வாட்டத்தில் ஓரணிக்குரிய பதினொருவரில் ஐவர், பந்தை எறியும் தலைமை ஆட்டக்காரரை எதிரணியினர் நெருங்காவண்ணம் தம் தேகத்தையே அரணாக்கி நிற்பவர்கள். றக்பி ஸ்க்ரமின் முன்வரிசையில் தோள் கொடுப்போரைக் கண்டிருக்கும் நேயர்களுக்கு அந்தப் பிரயாசை நன்கு விளங்கும். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமைகூட இவர்களுக்குச் சாதாரணமாக இல்லை. புள்ளிப் பட்டியலில் இவர்கள் பெயர் ஏறுவது துர்லபம். ஆயினும், இவர்களில் ஒருவர் கணநேரம் தளர்ந்தாலும் வகுத்த வியூகம் முழுவதுமே குலைந்துவிடுமாதலால், இவர்களுடைய உழைப்பையே அவ்வாட்டத்தின் ஜீவநாடியென நான் மதிக்கிறேன்.

அத்தகைய காவல் வரிசையில் நின்ற சிங், 2000ஆம் ஆண்டு ஜனவரியில் சூப்பர் பவுல் பட்டத்தை வென்ற சென் லூயிஸ் ராம்ஸ் அணியிலும், 2001இல் ஒரே பருவத்துடன் நின்றுபோன எக்ஸ்.எஃப்.எல். போட்டியில் வாகை சூடிய லொஸ் ஏஞ்சலிஸ் எக்ஸ்ட்ரீம் அணியிலும், 2006இல் கனடாவின் கிரே கிண்ணத்தைக் கைப்பற்றிய பி.சி. லயன்ஸ் அணியிலும் அங்கம் வகித்து, மூன்று வெவ்வேறு போட்டித் தொடர்களின் ஜயத்திலும் பங்குபெற்றார்.